வானத்திலிருந்து வந்த சுண்ணாம்பு

அத்தியாயம் ஆறு

“அந்தச் சுண்ணாம்பு எந்தக் கடையில வாங்கினதும்மா?” என்று ஞானதாஸ் கேட்டார்.

“கடையில வாங்கல சார். வானத்துலேர்ந்து வந்துச்சு.”

“என்னைக்கு?”

“மேற்கே சூரியன் உதிச்ச அன்னிக்கு.”

இன்ஸ்பெக்டர் சுப்பிரமணி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ‘சொன்னேனே, பார்த்தீர்களா’ என்று அதற்கு அர்த்தம். செங்கற்பட்டு சப் ஜெயிலில் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் லத்தீஃபா முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருந்தால் அதிகம். வெற்றிலைச் சுண்ணாம்பில் விஷம் கலந்து புருஷனைக் கொன்றாள் என்று வழக்கு. திங்கட்கிழமை மாஜிஸ்டிரேட் முன்னால் நிறுத்தி செஷன்ஸுக்கு அனுப்பப் போகிறார்கள். அதற்குப் பிறகு அவள் கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் அதிகம் பேர் நிற்க மாட்டார்கள்.

பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் கிஃபாயத்துல்லா அவளுடைய தகப்பனார். அவர்தான் எங்களிடம் வந்து அழுதவர். எங்களிடம் என்றால், துப்பறியும் ஞானதாஸிடம். நான் துரை. அவர் யோசிப்பார், நான் பையைத் தூக்குவேன். சும்மா இருக்கும் நேரங்களில் வாயையும் ஆட்டுவேன். இரண்டில் எதற்குச் சம்பளம் என்று அவர் இன்னும் சொன்னதில்லை.

விஷயம் இவ்வளவுதான். சதுரங்கப்பட்டினத்து அப்துல் மாலிக் கப்பலில் கலாசி. சித்திரை மாதம் கழுத்தெல்லாம் புண்ணோடு ஊர் திரும்பினான். முடி கொட்டியது. ஈறில் ரத்தம் கசிந்தது. வைத்தியர்கள் கைவிட்டார்கள். ஆவணியில் செத்துப் போனான். அவன் தாயார் சைதூன் நேராகப் போலீசுக்குப் போனாள். “எம் மவன் பொண்டாட்டி கை வெத்தலையத் தவிர யார் கை வெத்தலையும் தொட மாட்டான். அதுலதான் மருந்து வெச்சுட்டா” என்றாள். வீட்டைச் சோதித்தார்கள். பித்தளைச் சுண்ணாம்பு டப்பி அரிசிப் பானைக்குள் புதைந்து கிடந்தது. ஒளித்து வைத்தவள் லத்தீஃபா. ஏன் ஒளித்தாய் என்று கேட்டால் பதில் இல்லை. போலீசுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

“சுண்ணாம்புல பாஷாணம் இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்காமே?” என்றார் ஞானதாஸ்.

“தெரிஞ்ச விஷம் எதுவும் இல்லைன்னுதான் சார் ரிப்போர்ட்” என்றார் சுப்பிரமணி. “அப்ப தெரியாத விஷம்னு அர்த்தம்.”

“இந்தக் கணக்குல பார்த்தா நானும் தெரியாத விஷம்தான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், எங்க மெஸ்ஸுல” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

லத்தீஃபா திரும்பி, மூலையிலிருந்த மண்சட்டியில் துப்பினாள். சிவப்பாக விழுந்தது. வெற்றிலையால் உள்ளே வந்தவள் உள்ளேயும் வெற்றிலையை விடவில்லை பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில் சுப்பிரமணி பீரோவைத் திறந்து டப்பியைக் காட்டினார். உள்ளங்கை அகலம், மூடியில் மாங்காய்ப் பூவேலை. அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள் மிச்சம் இருந்தது. ஞானதாஸ் அதைத் தூக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், இருந்த இடத்திலேயே வைத்தார். அந்த இடம் ஓர் அட்டைப் பெட்டியின் மேல்.

“இதென்ன பெட்டி?”

“போட்டோ பிளேட்டு சார். ஸ்டூடியோக்காரன் ஒருத்தனை வெச்சிருக்கேன், வயித்தெரிச்சல். பொணத்தைப் படம் எடுன்னேன், கறுப்பா வந்துச்சு. மாலிக்கோட வூட்டைப் படம் எடுன்னேன், அதுவும் கறுப்பு. கேட்டா பிளேட்டு சரியில்லைன்றான். வேற பெட்டி வாங்கிப் போட்டேன், அதுலயும் கறுப்பு.”

“எல்லாம் இந்தப் பீரோவுலதான் இருந்துச்சா?”

“வேற எங்க வைக்கிறது? இது ஒண்ணுதான் பூட்டு இருக்கிற பீரோ.”

ஞானதாஸ் மூக்கைத் தேய்த்தார். மூக்கைத் தேய்த்தால் அவருக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். எனக்கு அலைச்சல் என்று அர்த்தம். டப்பிக்கு அடியிலிருந்த, இன்னும் பிரிக்காத பெட்டியைக் கடன் கேட்டு வாங்கினார். ஸ்டூடியோவில் கொடுத்து, “ஒண்ணும் படம் எடுக்க வேண்டாம். அப்படியே கழுவி வையுங்க” என்றார். ஸ்டூடியோக்காரர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாங்கள் மகாபலிபுரம் பஸ் ஏறினோம்.

“எங்க சார் போறோம்?”

“மேற்கே சூரியன் உதிச்சதைப் பார்த்தவன் இன்னொருத்தன் இருக்கான்.”

“பைத்தியம் தொத்து வியாதின்னு எனக்குத் தெரியாமப் போச்சே.”

“துரை, பொய் சொல்றவங்க நம்பற மாதிரி சொல்லுவாங்க. தூக்கு மேடையில நிக்கிறவ இப்படி ஒரு பொய்யை ஏன் சொல்லணும்? எத்தனை தடவை கேட்டாலும் அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறாம. அது அவ புருஷன் அவகிட்ட சொன்னதா இருக்கணும்.”

மாலிக்கோடு அதே கப்பலில் போய், அதே சமயம் திரும்பியவன் மோசஸ் என்று கிஃபாயத்துல்லா சொல்லியிருந்தார். கடற்கரைக் கோயிலுக்குப் போகும் மணல் பாதையில் இளநீர் விற்றுக்கொண்டிருந்தான். விற்றான் என்று சொல்வதைவிட, கூவினான் என்பது சரி. சீவிக் கொடுத்தது அவன் மனைவி ஜெசிந்தா. ஆம்பிளை குந்தியிருக்க, பொம்பிளை அரிவாளைப் பிடித்திருந்தாள். அவன் வலது கையில் துணி சுற்றியிருந்தது.

“கப்பல் கம்பேனி ஆளுங்களா?” என்றான் எங்களைப் பார்த்ததும்.

“அதுக்கேத்த மூஞ்சியா இது?” என்றேன்.

“போலீசா?”

“அதுவும் இல்ல அண்ணாத்த. உன் சிநேகிதன் பொண்டாட்டிய தூக்குல போடப் போறாங்க. நீ வாயைத் தொறந்தா ஒருவேளை போடாம விடுவாங்க.”

மோசஸ் கடலைப் பார்த்தான். ஜெசிந்தா அரிவாளைக் கீழே வைத்தாள். “சொல்லேன்யா. கேப்டன் இன்னா இங்க வந்து காதைத் திருகவா போறான்?” என்றாள்.

“யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கேப்டன் சொல்லிட்டான் சார்” என்று ஆரம்பித்தான் மோசஸ். “ஏதோ ஒரு குட்டித் தீவுல வயலுக்குப் போடுற ஒர மண்ணு ஏத்திக்கினு வடக்கால போய்க்கினு இருந்தோம். நடுக்கடலு. விடிகாலம். நானும் மாலிக்கும் டெக்கு மேல கீறோம். கெழக்கால இன்னும் இருட்டு கலையல. மேற்கால சூரியன் ஏறுது சார். சத்தியமா சொல்றேன், கடலு பூரா ஆரஞ்சு கலரு.”

“மாலிக் என்ன செஞ்சான்?”

“அப்பிடியே முட்டி போட்டுட்டான். மேற்கால சூரியன் உதிச்சா உலகம் முடிஞ்சுச்சுன்னு அவங்க மார்க்கத்துல கீதாம். அதுக்கப்புறம் பாவ மன்னிப்பு கேட்டாலும் கெடைக்காதாம். கலிமா சொல்லிக்கினே என் கையைப் புடிச்சுக்கினான். ‘மச்சான், உன் புது லுங்கிய எடுத்தது நான்தான், நீயாவது மன்னிச்சுடு’ன்றான்.”

“மன்னிச்சியா?” என்றேன்.

“உலகமே முடியுது, லுங்கிக்கா சண்ட போடுறது? மன்னிச்சேன். கொஞ்ச நேரத்துல வெளிச்சம் அடங்கிப் பூட்ச்சு. அப்பால இடி மாதிரி சத்தம் வந்துச்சு. அதுவும் அடங்கிச்சு. உலகம் முடியல. அவனுக்கு ஒரே வெக்கமாப் பூட்ச்சு, என் மூஞ்சியப் பாக்கல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஞானதாஸ் சிரிக்கவில்லை. “அப்புறம் வெள்ளையா விழுந்துச்சா?” என்றார்.

மோசஸ் அவரைப் பயத்தோடு பார்த்தான். “உனக்கு எப்பிடி சார் தெரியும்? ஆமாம். உச்சி வெயில் நேரம், மேகம் மாதிரி வந்து பொடிப் பொடியா கொட்டிச்சு. டெக்கு, கயிறு, தலமுடி எல்லாம் வெள்ள. நாங்க வெத்தல வாங்கிக்கினு போயி, ஈரச் சாக்குல சுத்தி வெச்சிருந்தோம். வெத்தல கீது, பாக்கு கீது, சுண்ணாம்பு தீந்து பல நாளாச்சு. மாலிக்கு பேஜாராயிக் கெடந்தான். இது வுழவும் வெரல்ல தொட்டு நாக்குல வெச்சான். ‘சுண்ணாம்பு மச்சான்’னான். நான் நம்பல. ‘சுண்ணாம்புக் காளவாய்க்குப் பக்கத்து வூட்டுல பொறந்தவன் நான், எனக்குத் தெரியாதா, நல்ல சிப்பிச் சுண்ணாம்பு’ன்னான்.”

“எடுத்துக்கிட்டானா?”

“டப்பி நெறைய வழிச்சுக்கினான். பிஸ்கோத்து டின்னு ஒண்ணு இருந்துச்சு, அதுலயும் நெறச்சுக்கினான். ‘ஆண்டவன் உலகத்த முடிக்கிறதத் தள்ளி வெச்சுட்டான், தொட்டுக்கச் சுண்ணாம்பும் குடுத்தனுப்பிட்டான்’னு ஒரே சிரிப்பு. தண்ணி வுட்டுக் கொழச்சு அன்னிக்கே போட்டான். ரொம்ப நாளக்கி அப்பால வாய் செவந்துச்சுன்னு சந்தோசம் அவனுக்கு.”

“நீ போடலையா?”

“எனக்கு அந்தப் பழக்கம் இல்ல சார். நான் டெக்கக் கூட்டித் தள்ளினேன். கையால.” துணியைப் பிரித்துக் காட்டினான். உள்ளங்கைத் தோல் உரிந்து, ஆறாமல் ஈரமாக இருந்தது. சித்திரையிலிருந்து அப்படியே இருக்கிறதாம்.

“இது எந்த நாள்னு ஞாபகம் இருக்கா மோசஸ்?”

“மறக்குமா? சாம்பல் புதனுக்கு முன்னால வந்த திங்கக்கெழம. கோயிலுக்குப் போயி நெத்தியில சாம்பல் பூச முடியலியேன்னு நெனச்சுக்கினு இருந்தேன். அது முன்னாடியே தல மேல கொட்டிச்சு.”

ஞானதாஸும் மாதா கோயிலுக்குப் போகிறவர்தான். விரலை மடக்கிப் பார்த்தார். “மார்ச் ஒண்ணு” என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது.

கடற்கரைக் கோயிலைத் தாண்டி மணலில் நடந்தோம். நான் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாமா என்று பார்த்தேன். அவர் முகம் இடம் கொடுக்கவில்லை.

“துரை, சிப்பியைச் சுட்டா என்ன வரும்?”

“சுண்ணாம்பு.”

“பவளப்பாறையைச் சுட்டா?”

“அதுவும் சுண்ணாம்புதான் சார். கடல்ல இருக்கிற ரெண்டும் ஒரே சரக்குதானே.”

“ஒரு பவளத் தீவையே சுட்டா?”

நான் நின்றுவிட்டேன். மார்ச் மாதம் பத்திரிகைகளில் வந்ததை டீக்கடையில் நானும் படித்தவன்தான். பசிபிக் கடலில் ஒரு தீவில் ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தார்கள். நினைத்ததைவிடப் பெரிதாக வெடித்துவிட்டது. எங்கோ மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பான்காரர்கள் மேல் வெள்ளைச் சாம்பல் விழுந்து, புண் வந்து, முடி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். படித்துவிட்டு, பக்கத்தைத் திருப்பி சினிமா விளம்பரம் பார்த்தேன். அந்தச் சாம்பல் செங்கற்பட்டு ஜில்லாவுக்கு ஒரு வெற்றிலை டப்பியில் வந்து சேரும் என்று யார் நினைப்பார்கள்?

“மாலிக்கோட நாக்கு பொய் சொல்லல” என்றார் ஞானதாஸ். “அது சுண்ணாம்புதான். நல்ல சுண்ணாம்பு. ஒரு தீவை வெந்து நீறாக்கி மேலே அனுப்பினாங்க, அது அவன் டெக்குல இறங்கிச்சு. அதோட கூட வந்தது நாக்குக்குத் தெரியாது. ரிப்போர்ட்டு எழுதினவருக்கும் தெரியாது.”

“மோசஸ் கைக்கு மருந்து உண்டா சார்?”

“எனக்குத் தெரிஞ்சு இல்ல.”

செங்கற்பட்டில் ஸ்டூடியோக்காரர் எங்களுக்காகக் காத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. படமே எடுக்காத பிளேட்டு, பிரிக்காத பெட்டி. கழுவினால் நடுவில் ஒரு கறுப்பு வட்டம். ஞானதாஸ் அதை சுப்பிரமணியின் மேஜையில் வைத்து, டப்பியை அதன் மேல் வைத்தார். வட்டம் அச்சாகப் பொருந்தியது.

“வெளிச்சம் படாத பிளேட்டை எது கறுப்பாக்கிச்சு இன்ஸ்பெக்டர்? எக்ஸ்ரே படம் எடுக்கிறாங்களே, அந்த மாதிரி இந்தச் சுண்ணாம்பு உங்க பீரோவுக்குள்ள ராப்பகலா படம் எடுத்துக்கிட்டு இருக்கு. அட்டை, பித்தளை எல்லாத்தையும் துளைச்சுக்கிட்டு.”

சுப்பிரமணி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பீரோ அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. முழுக் கதையையும் கேட்டுவிட்டு லத்தீஃபாவின் கேஸ் கட்டை எடுத்துத் தன் முன்னால் வைத்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர்.

“அப்ப கொலைகாரன் யாரு சார்? கேஸுன்னா ஒருத்தன் வேணுமே.”

“பல பேர். யாருக்கும் மாலிக்கைத் தெரியாது. அவங்க ஊர்ல அவங்களுக்கு மெடல் குத்தியிருப்பாங்க.”

“நிறுத்திட்டாங்களா?”

“எங்க நிறுத்துறது? ரஷ்யாக்காரன் தனியா வெடிக்கிறான். இங்கிலீஷ்காரன் ஆஸ்திரேலியாவுல போய் வெடிச்சுட்டு வந்தான். அடுத்தது யாருன்னு வரிசையில நிக்கிறாங்க.”

“ஆளுக்கொரு தீபாவளி” என்றேன். சொன்ன பிறகு எனக்கே வாய் கசந்தது.

அதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. சுப்பிரமணி மெட்ராஸுக்குப் போன் போட்டார். ஒரு பேராசிரியர் கார் வைத்துக்கொண்டு வந்தார். அவர் கொண்டுவந்த கருவி, பீரோவின் பக்கம் நீட்டியதும் எண்ணெயில் கடுகு போட்டதுபோலப் பொரிந்தது. டப்பியையும், மாலிக் வீட்டில் காலியாகக் கிடந்த பிஸ்கோத்து டின்னையும் ஈயப் பெட்டியில் போட்டு எடுத்துப் போனார். பத்திரிகைக்காரர்களிடம் மூச்சு விட வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவும் வந்தது. திங்கட்கிழமை கோர்ட்டில், சாட்சியம் போதாது என்று நாலு வார்த்தையில் லத்தீஃபாவை விடுவித்தார்கள். குண்டு என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. மோசஸ் வந்து நிற்கத் தேவையே இல்லாமல் போயிற்று.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தூக்குக் கயிற்றிலிருந்து ஒரு பெண்ணை இறக்கிவிட்டோம் என்று ஜெயில் வாசலில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். கிஃபாயத்துல்லா ஜட்கா பிடித்து வந்திருந்தார். பெண் வார்டர் சந்திரம்மா சாவிக் கொத்தோடு வந்தாள்.

“என்னா அக்கா, உள்ள நல்ல கவனிப்பு போலிருக்கே” என்றேன் அவளிடம். “கொலைக் கைதிக்கு வெத்தலை பாக்கு சப்ளையெல்லாம் அமர்க்களம்.”

“வெத்தலையா?” என்றாள் சந்திரம்மா. “இன்னா பேச்சு பேசுற? உள்ள ஒரு காம்பு வராது. நானே வெளிய வந்துதான் போட்டுக்கினு போறேன்.”

“அன்னைக்கு அவங்க துப்பினதைப் பார்த்தேனே, சிவப்பா.”

“அது வந்த நாள்லேர்ந்து அப்பிடித்தான். ஈறு புண்ணுன்னு சொல்லிச்சு. தலைய வேற சீவ மாட்டேங்குது, முக்காட்டை எடுக்கவே வுடாது.”

நான் ஞானதாஸைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜெயில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது தெரிந்துகொண்டார் என்று நான் கேட்கவில்லை. மணலில் நடந்தபோதே தெரிந்திருக்கும். புருஷனுக்கு மடித்துக் கொடுக்கிறவள் தனக்கும் ஒன்று மடித்துக்கொள்ள மாட்டாளா? ஒரே டப்பி, ஒரே விரல்.

லத்தீஃபா வெளியே வந்தாள். கிஃபாயத்துல்லா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, நடுத்தெருவென்று பாராமல் அழுதார். பிறகு ஞானதாஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“எம் பொண்ணு உசுரக் காப்பாத்திக் குடுத்துட்டீங்க சார். அல்லா உங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான்.”

“பாய், இவங்களை நேரா மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார் ஞானதாஸ். “இன்னைக்கே.”

“எதுக்கு சார்? ஜெயில் சோறு துன்னு எளைச்சுப் பூட்டா. வூட்டுக்கு வந்து நாலு நாளு நாஸ்தா, சோறுன்னு நல்லாத் துன்னா சரியாப் பூடும்.” அவர் சிரித்துக்கொண்டே ஜட்காக்காரனிடம் மெத்தையைச் சரிசெய்யச் சொல்லப் போனார்.

லத்தீஃபா எங்கள் பக்கம் திரும்பினாள். முக்காட்டுக்குள் அவள் முகம் மஞ்சளாக இருந்தது.

“அவருக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுச்சு சார். மொதல்ல ஈறு, அப்புறம் முடி. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா டப்பியை ஏம்மா ஒளிச்சு வெச்சே?” என்றார் ஞானதாஸ்.

“மாமிக்கு எட்டாம இருக்கட்டும்னுதான். மவன் போன துக்கத்துல, அவர் தொட்ட டப்பி வேணும், அதுலேர்ந்து ஒரு வாய் போடணும்னு கேட்டுக்கினே இருந்தாங்க. அந்தச் சுண்ணாம்பு மேலதான் எனக்குச் சந்தேகம். சொன்னா, ‘ஆண்டவன் குடுத்ததுன்னு எம் மவன் சொன்னான், நீ கொற சொல்றியா’ன்னு அடிப்பாங்க.”

“இதைப் போலீஸ்ல சொல்லியிருக்கலாமே” என்றேன் நான்.

“எதுக்கு அண்ணே? எப்பிடியும் போகப் போறவதானே. உள்ளயே போயிட்டா அத்தா கண்ணால பாக்க மாட்டாரு. நான் எம் புருசன் சாவுறதைப் பாத்தேன், கடைசி வரைக்கும். அந்த மாதிரி அத்தா என்னைப் பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். கோபம் எதுவும் இல்லை அவள் குரலில். “நீங்க வெளிய கொண்டாந்துட்டீங்க சார்.”

ஞானதாஸ் அவள் கையிலிருந்த துணி மூட்டையை வாங்கி ஜட்காவில் வைத்தார்.

கிஃபாயத்துல்லா மகளைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்காரவைத்து, வெயில் படாமல் தன் துண்டால் மறைத்துப் பிடித்துக்கொண்டார். ஜட்கா கிளம்பியது. பஜார் திரும்புகிற இடத்தில் அவர் எழுந்து நின்று, முகமெல்லாம் பல்லாக எங்களைப் பார்த்து சலாம் வைத்தார். ஞானதாஸ் பதிலுக்குச் சிரித்துக் கையை ஆட்டினார், ஜட்கா மறைகிறவரை ஆட்டிக்கொண்டே இருந்தார்.